பிரமன் பகலில் எஞ்சிய ஆறு சதுர்யுகங்கள்

நித்ய கர்மங்களுக்கு முன் ஸங்கல்பம் செய்துகொள்ளும்போது, காலத்தில் நாம் நிற்கும் இடத்தை நாளும் சொல்லிக்கொள்கிறோம். பிரமனுடைய ஆயுளில் இரண்டாம் பரார்த்தம், ச்வேதவராஹ கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாம் கலியுகம், அதன் முதற்பாதம் என்று வரிசை இறங்கி வருகிறது. இச்சொற்களில் நாவு பழகிய அளவு மனம் பழகியதில்லை. இவற்றின் அடியில் ஒரே ஓர் எண் கிடக்கிறது. அது 432,00,00,000. பிரமனுடைய ஒரு பகல் இத்தனை மானுட வருஷங்கள் கொண்டது; அதுவே கல்பம். அவ்வெண்ணைப் பதினான்கு மனுக்களுக்குச் சமமாகப் பங்கிட முடியாது என்பதும், அந்த முடியாமையை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

எண் பிறக்கும் முறையை முதலில் நினைவுகூர்வோம். க்ருதயுகம் தேவமானத்தில் 4,800 வருஷம், த்ரேதை 3,600, த்வாபரம் 2,400, கலி 1,200. ஆகச் சதுர்யுகம் 12,000 தேவ வருஷம். தேவர்களுக்கு ஒரு வருஷம் நமக்கு 360 வருஷமாதலால், சதுர்யுகம் 43,20,000 மானுட வருஷமாகிறது. இத்தகைய சதுர்யுகங்கள் ஆயிரம் சேர்ந்தால் கல்பம். ஸ்ரீவிஷ்ணு புராணம் முதல் அம்சம் மூன்றாம் அத்யாயத்தில் ஸ்ரீபராசர மஹர்ஷி மைத்ரேயருக்கு இக்கணக்கை உபதேசிக்கிறார். மநு ஸ்ம்ருதியின் முதல் அத்யாயமும் ஸ்ரீபாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தமும் இதையே கூறுகின்றன. கீதை எட்டாம் அத்யாயத்தின் பதினேழாம் ச்லோகத்தில் பிரமனுடைய பகல் ஆயிரம் யுகம் என்றே மூலத்தில் இருக்கிறது. அங்குள்ள யுகம் என்ற சொல்லைச் சதுர்யுகம் என்று கொள்ள வேண்டும் என்பதை ஸ்ரீபாஷ்யகாரர் தம் கீதாபாஷ்யத்தில் தெளிவாக அருளிச்செய்துள்ளார். இந்த ஒரு சொல்லின் உரையால் எண் எத்தனை மாறுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், வ்யாக்யானம் என்பது எவ்வளவு கனத்த பொறுப்பு என்பது விளங்கும்.

இனி எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். 432 கோடியைப் பகா எண்களாகப் பிரித்தால் பதினொரு இரண்டுகளும், மூன்று மூன்றுகளும், ஏழு ஐந்துகளும் கிடைக்கும். இவற்றை எல்லாம் பெருக்கினால் மீண்டும் 432 கோடி. வேறு எந்தப் பகா எண்ணும் இதில் இல்லை. இவ்வளவு பெரிய எண்ணாயிருந்தும் இது மூன்றே மூன்று சிறிய பகா எண்களால் ஆனது. அதனால்தான் மீதியின்றி இதை வகுக்கும் எண்கள் 384 இருக்கின்றன. பன்னிரண்டு, முப்பது, அறுபது, முந்நூற்றறுபது எனக் காலக்கணக்கில் வரும் எண்கள் எல்லாம் இதனுள் அடங்கும். மாதம், நாழிகை, விநாடி என எவ்வளவு நுண்ணிதாகப் பிளந்தாலும் பின்னம் வராது. (இதன் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வருவதைச் சிலர் பெரும் ரகசியமாகச் சொல்வதுண்டு. ஒன்பதால் வகுபடும் எந்த எண்ணுக்கும் இலக்கக் கூட்டல் ஒன்பதிலோ அதன் மடங்கிலோதான் முடியும். அதில் தனிச் சிறப்பு ஏதுமில்லை.)

ஆனால் ஏழு இதில் இல்லை. ஸப்தரிஷிகள், ஏழு த்வீபங்கள், ஈரேழு லோகங்கள் என்று எங்கும் ஏழைச் சொல்லும் புராணங்கள், காலத்தின் பேரளவாகக் கூறிய எண்ணுக்குள் ஏழு நுழைய இடமில்லை. கல்பத்திலோ மனுக்கள் பதினால்வர்; பதினான்கு என்பது இரண்டும் ஏழும் பெருக்கியது. ஆகவே கல்பத்தை மனுக்களுக்குப் பங்கிடும்போது மீதி வந்தே தீரும். ஆயிரம் சதுர்யுகங்களைப் பதினான்கால் வகுத்தால் ஒரு மனுவுக்கு 71 கிடைக்கும். 994 செலவாகி ஆறு எஞ்சும்.

மநு ஸ்ம்ருதி 71 என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. ஸ்ரீபராசரர் அப்படி நிறுத்தவில்லை. எழுபத்தொன்றுக்குச் சற்று அதிகம் என்ற பொருளில் ‘ஸாதிகா’ என்ற அடைமொழியை இடுகிறார். ஸ்ரீபாகவதமும் அதே அடைமொழியைக் கையாளுகிறது. பிறகு மன்வந்தரத்தின் வருஷத்தொகையைத் தேவமானத்தில் 8,52,000 என்றும், மானுடமானத்தில் 30,67,20,000 என்றும் கூறும்போது, அந்த அதிகத்தை நீக்கிச் சொல்வதாகவும் புராணமே குறிப்பிடுகிறது. 71-ஐ 12,000-ஆல் பெருக்கினால் 8,52,000 சரியாக வரும். ஆக, மீதி இருப்பது ரிஷிக்குத் தெரிந்தே இருக்கிறது. அதன் அளவைத்தான் அவர் வெளியிடவில்லை.

அந்த அதிகத்தைச் சமமாகப் பிரித்தால் என்ன வரும்? ஆறு சதுர்யுகம் பதினால்வருக்கு என்றால், ஒருவருக்கு ஏழில் மூன்று பங்கு. தேவமானத்தில் அது 5,142 வருஷம், பத்து மாதம், எட்டு நாள், மேலும் ஒரு நாளில் ஏழில் நான்கு பங்கு. இது முடிவுறாத பின்னம். விநாடி, தற்பரை என்று எத்தனை கீழிறங்கினாலும் அறுபதின் பிரிவுகளுக்குள் ஏழு அடங்காது. காலத்தைப் படைத்தவனுடைய கணக்கில் இப்படியொரு கரடு இருக்குமா என்ற கேள்வி ஜ்யோதிஷ சாஸ்த்ரத்தாருக்கு எழுந்தது இயல்பே. இதற்கு இரண்டு விடைகள் தோன்றின. அவற்றைச் சொல்வதற்கு முன், இந்த 432 என்ற தொகை எவ்வளவு பழையது என்பதையும் தொட்டுச் செல்லவேண்டும்.

சதபத ப்ராஹ்மணத்தின் பத்தாம் காண்டத்தில், அக்னிசயனத்தை ஒட்டி ஒரு கணக்கு வருகிறது. ரிக்குகளின் அக்ஷரங்களைப் ப்ரஜாபதி அளந்தபோது பன்னிரண்டாயிரம் ப்ருஹதீ சந்தஸ்ஸின் அளவாயிற்று என்கிறது அது. ப்ருஹதிக்கு முப்பத்தாறு அக்ஷரம். ஆகத் தொகை 4,32,000. அதையே பங்க்தி சந்தஸ்ஸால் அளந்தால், பங்க்திக்கு நாற்பது அக்ஷரமாதலால், 10,800 பங்க்திகள். ஒரு வருஷத்தின் 360 நாள்களில், நாளுக்கு முப்பது முஹூர்த்தமாக, மொத்த முஹூர்த்தங்களும் 10,800. பிற்காலத்தில் கலியுகத்தின் வருஷத்தொகையாக வரும் 4,32,000 இங்கே வேதத்தின் அக்ஷரத்தொகையாக நிற்கிறது. பாபிலோனியரான பெரோஸஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், பிரளயத்துக்கு முன்பிருந்த பத்து அரசர்களின் காலம் 4,32,000 வருஷம் என்று எழுதியதைக் காட்டி, நம் எண் அங்கிருந்து வந்தது என்பர் மேனாட்டார் சிலர். 360-ஐயும் அறுபதையும் வைத்துக் கணக்கிடும் எவருக்கும் இத்தொகை எளிதில் தோன்றக்கூடியது. அறுபதை மூன்று முறை பெருக்கி இரட்டித்தால் 4,32,000 வந்துவிடும். எண் ஒத்திருப்பதை மட்டும் கொண்டு கடன் வாங்கியதாகத் தீர்ப்பளிப்பது, எத்திசையிலாயினும், அவசரம் என்பதே அடியேன் கருத்து.

மீதிக்கு முதல் விடை சொன்னவர் ஆர்யபடர். கலியில் 3,600 வருஷங்கள் சென்றபோது, அதாவது கி.பி. 499-இல், தமக்கு வயது 23 என்று அவரே கூறுகிறார். அவர் எண்ணையே மாற்றினார். மனு ஒருவருக்கு 72 சதுர்யுகம், பதினால்வருக்கு 1,008, ஆகவே கல்பம் 432 கோடி அன்று, 435,45,60,000 வருஷம். எட்டுச் சதுர்யுகங்களைச் சேர்த்ததால் ஏழு என்னும் எண் கல்பத்துக்குள் நுழைந்தது. மீதி மறைந்தது. இதற்கு இன்னொரு பயனும் உண்டு. அவர் கணக்கில் ஒரு சதுர்யுகத்துக்கு 157,79,17,500 நாள். அதை ஏழால் வகுத்தால் ஐந்து மீதி. ஆயிரம் சதுர்யுகமானால் அடுத்த கல்பம் வேறு கிழமையில் தொடங்கும். 1,008 ஏழால் வகுபடுவதால், ஒவ்வொரு கல்பமும் அதே வியாழக்கிழமையில் தொடங்குகிறது.

இத்துடன் அவர் நிற்கவில்லை. 4:3:2:1 என்ற விகிதத்தையும் கைவிட்டு, சதுர்யுகத்தை நான்கு சமமான யுகபாதங்களாக, ஒவ்வொன்றும் 10,80,000 வருஷமாகப் பிரித்தார். காரணம் அவருடைய க்ரஹ பகணங்களில் இருக்கிறது. ஒரு சதுர்யுகத்தில் குரு 3,64,224 முறையும், சனி 1,46,564 முறையும், சந்திரன் 5,77,53,336 முறையும் சுற்றி வருகின்றன. இவையும் மற்றக் க்ரஹங்களின் தொகைகளும் நான்கால் வகுபடுபவை. ஆதலால் 10,80,000 வருஷத்துக்கு ஒருமுறை க்ரஹங்கள் யாவும், மத்யமகதியில், மேஷத்தின் தொடக்கத்துக்குத் திரும்பும். கலியின் தொடக்கத்தில் அவை அங்கே இருக்கவேண்டுமாயின், அதற்குமுன் கழிந்த காலம் முழுமையான பாதங்களாக இருக்கவேண்டும். ஆர்யபடர் முறையில் கழிந்தவை ஆறு மனுக்கள், 27 சதுர்யுகங்கள், மூன்று பாதங்கள். மொத்தம் 1,839 பாதங்கள், வருஷத்தில் 198,61,20,000.

இது ஸ்ம்ருதிக்கு மாறு என்று கி.பி. 628-இல் எழுந்தவர் ப்ரஹ்மகுப்தர். தம் ப்ராஹ்மஸ்புட ஸித்தாந்தத்தில், ஆர்யபடர் சொல்லும் யுகமும் மனுவும் கல்பமும் ஸ்ம்ருதிகளில் உள்ளவற்றோடு ஒவ்வாதவை, ஆதலால் அவருக்கு மத்யமகதியே தெரியாது என்று கடிந்து எழுதினார். யுகம், மன்வந்தரம், கல்பம் ஆகியவை இல்லாத ரோமக ஸித்தாந்தத்தை ஸ்ம்ருதிக்குப் புறம்பானது என்று ஒதுக்கியவரும் அவரே. அவருக்கு 432 கோடி மாற்றத்தக்க எண்ணே அன்று. க்ரஹங்களின் சுற்றுகளைச் சதுர்யுகத்துக்கு என்று சொல்லாமல் கல்பம் முழுமைக்குமாகச் சொன்னார். கல்பத்துக்கு நாள்கள் 1,57,791 கோடியே 64 லட்சத்து 50 ஆயிரம் என்று வகுத்தார். க்ரஹங்கள் யாவும் ஒன்றுகூடுவது கல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே என்று கொண்டதால், இடையில் பாதக்கணக்கு ஒத்துவராமற் போவது அவரைத் தடுக்கவில்லை. ஆனால் இதே ப்ரஹ்மகுப்தர் தம் முதுமையில், 665-இல், கண்டகாத்யகம் என்ற கரண நூலை எழுதியபோது ஆர்யபடருடைய மதத்தை ஒட்டியே எழுதினார். அன்றாட வழக்குக்கு அதுவே உதவியது போலும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடேச்வரர் ஆர்யபடருக்காக வாதாடி, ப்ரஹ்மகுப்தரை அதே வன்மையுடன் கண்டித்தார். சாஸ்த்ரகாரர்களின் சினமும் சிலகாலம் நீடிப்பதுதான்.

ஆறு சதுர்யுக மீதிக்கு ப்ரஹ்மகுப்தரும் ஸூர்ய ஸித்தாந்தமும் கொள்ளும் விடை இரண்டாவது. ஒவ்வொரு மன்வந்தரத்தின் முடிவிலும் ஒரு ஸந்தி. அது ஜலப்ரளய காலம். அதன் அளவு க்ருதயுகத்தின் அளவான 17,28,000 வருஷம். கல்பத்தின் தொடக்கத்திலும் ஒரு ஸந்தி உண்டு. ஆகப் பதினான்கு மன்வந்தரங்களுக்குப் பதினைந்து ஸந்திகள். க்ருதயுகம் சதுர்யுகத்தில் பத்தில் நான்கு பங்கு. பதினைந்தை நான்கால் பெருக்கினால் அறுபது. அறுபதில் பத்து பத்தாக எடுத்தால் ஆறு சதுர்யுகம். மீதி சிறிதும் மிகாமல் குறையாமல் அடைபட்டது. இங்கு அடியேனை நிறுத்துவது ஒன்று. யுகங்களின் அளவு 4:3:2:1 என்ற விகிதத்தில் இல்லாமற்போனால் இந்த விடை கிடைக்காது. பாதங்கள் சமமாயிருந்தால் பதினைந்து பாதங்கள் மூன்றே முக்கால் சதுர்யுகமாகும், மீதி அடைபடாது. தர்மம் நான்கு கால்களில் நின்று ஒவ்வொன்றாகக் குறையும் என்ற ஸ்ம்ருதியின் வரிசைக்கும், மனுக்களிடையே எஞ்சிய காலத்துக்கும் இடையில் இப்படி ஓர் எண்தொடர்பு இருக்கிறது. ஸ்ரீபராசரர் ‘ஸாதிகா’ என்றதன் அளவு இந்த ஸந்திதான் என்று ஜ்யோதிஷம் கொண்டது. புராணத்தின் வாக்கு அதற்கு இடம் தருகிறது என்று சொல்லலாம். அது ஒன்றையே சொன்னது என்று வற்புறுத்த இயலாது.

ஸூர்ய ஸித்தாந்தத்துக்கு ஆனால் வேறொரு தொல்லை வந்தது. அந்நூலும் க்ரஹ பகணங்களை நான்கால் வகுபடும்படியே கொண்டது. க்ருதயுக முடிவில் க்ரஹங்கள் மேஷத் தொடக்கத்தில் கூடியிருந்தன என்றும் அது கூறுகிறது. அப்படியானால் கல்பத் தொடக்கத்திலிருந்து அதுவரை சென்ற காலம் 10,80,000-இன் மடங்காக இருக்கவேண்டும். எண்ணிப் பார்ப்போம். ஆறு மன்வந்தரங்கள் 184,03,20,000. ஏழு ஸந்திகள் 1,20,96,000. இருபத்தேழு சதுர்யுகங்கள் 11,66,40,000. இருபத்தெட்டாம் க்ருதயுகம் 17,28,000. மொத்தம் 197,07,84,000. இதைப் பாதத்தால் வகுத்தால் 1,824 பாதங்களும், மேலே 8,64,000 வருஷமும் நிற்கின்றன. ஸந்திகளைச் சேர்த்ததால் பாதக்கணக்கு கெட்டது.

நூல் இதற்குச் செய்த பரிகாரம் நுட்பமானது. பிரமன் க்ரஹ நக்ஷத்ரங்களையும் தேவ மனுஷ்யாதிகளையும் படைக்கத் தேவமானத்தில் 47,400 வருஷம் ஆயிற்று. அக்காலத்தில் க்ரஹங்கள் ஓடவில்லை. ஆகவே அதைக் கழிக்கவேண்டும் என்கிறது அது. 47,400 தேவ வருஷம் 1,70,64,000 மானுட வருஷம். கழித்தால் 195,37,20,000. இது 10,80,000-இன் மடங்கு, சரியாக 1,809 பாதங்கள். பின்வரும் த்ரேதையும் த்வாபரமும் சேர்ந்து 21,60,000, அதாவது இரண்டு பாதங்களாதலால், கலியின் தொடக்கத்திலும் கணக்கு ஒத்துப்போகிறது. யுகங்களை ஸ்ம்ருதியின் விகிதத்திலேயே கொண்டு, கல்பத்தையும் 432 கோடியாகவே காத்த இந்நூலுக்குள், ஆர்யபடருடைய சமபாதம் பெயர் சொல்லப்படாமல் குடியிருக்கிறது. சதுர்யுகத்துக்கு இந்நூல் தரும் நாள்தொகை 157,79,17,828. இதன்படி வருஷங்களும் நாள்களும் மீதியின்றி ஒன்றுகூடும் மிகக் குறைந்த காலம் எது என்று பார்த்தால், அதுவும் 10,80,000 வருஷமே. எழுதியவர் இதை எண்ணியே அமைத்தாரோ, தானே அமைந்ததோ, அறியோம்.

இத்தனை நூற்றாண்டு விவாதம் நம் இல்லங்களோடு எவ்வகையில் தொடர்புடையது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் பல ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் ஏகாதசியும் ஸ்ரீஜயந்தியும் திருநக்ஷத்ரங்களும் வாக்ய பஞ்சாங்கத்தைக் கொண்டே அறியப்படுகின்றன. அதற்கு அடிப்படையான வாக்யகரணம் 13-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நூல். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962-இல் பதிப்பித்தனர். கேரளத்தில் 683-இல் ஹரிதத்தர் வகுத்த பரஹித முறை வழியாக அது ஆர்யபடரைச் சார்ந்தது. வாக்ய பஞ்சாங்கத்தின் வருஷம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. ஆர்யபடருடைய 157,79,17,500 நாளை 43,20,000-ஆல் வகுத்தால் கிடைப்பது இதுவே. இந்தப் பின்னம் எளிமையானது: 576 வருஷத்துக்கு 2,10,389 நாள், மீதியில்லை. கலியில் 3,600 வருஷத்துக்கு 13,14,931 நாளும் 15 நாழிகையும். 499-ஆம் வருஷத்தின் மேஷ ஸங்க்ரமணம் நண்பகலில் விழுந்ததற்குக் காரணம் அந்தப் பதினைந்து நாழிகைதான்.

ஆகவே நிலைமை இது. திதி நக்ஷத்ரம் பார்ப்பது ப்ரஹ்மகுப்தர் ஸ்ம்ருதிக்கு மாறானவர் என்று கடிந்தவருடைய எண்களைக் கொண்டு. ஸங்கல்பத்தில் சொல்வது ஸ்ம்ருதியின் கல்பத்தையும் மன்வந்தரத்தையும். இரண்டும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. முரண் உண்டா? கலியின் தொடக்கம் வரை சென்ற காலம், ஆர்யபடர் கணக்கில் 198,61,20,000. ஸந்திக் கணக்கில் 197,29,44,000. வேறுபாடு 1,31,76,000 வருஷம். ஆயினும் ஸங்கல்பம் வருஷத்தொகையைச் சொல்வதில்லை. ஏழாவது மனு, இருபத்தெட்டாவது சதுர்யுகம், கலி என்று வரிசையை மட்டுமே சொல்கிறது. அவ்வரிசையில் ஆர்யபடரும் ப்ரஹ்மகுப்தரும் ஸூர்ய ஸித்தாந்தமும் ஸ்ரீபராசரரும் ஒருமிக்கிறார்கள். மாறுபடுவது இடைவெளிகளின் நீளத்தில். அந்த வாசகத்தை அமைத்த பெரியோர் எண்ணை விடுத்து வரிசையை ஏன் எடுத்தனர் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். கர்மத்துக்கு வேண்டுவதும் அவ்வளவே.

இக்காலத்தில் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கூற்றையும் இங்கே மறுக்கவேண்டும். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி வருஷம் என்று விஞ்ஞானிகள் கணித்திருப்பதையும் 432 கோடி என்ற கல்பத்தையும் அருகருகே வைத்து, நம் ரிஷிகள் அன்றே கண்டுவிட்டனர் என்று மகிழ்வோர் பலர். 432 கோடி என்பது பிரமனுடைய முழுப்பகல். இந்தப் பகலில் சென்றது, நம் எந்த நூலின் கணக்கைக் கொண்டாலும், இருநூறு கோடிக்கும் குறைவு. ஒப்பிடுவதானால் அந்தச் சென்ற காலத்தை அன்றோ ஒப்பிடவேண்டும்! அது ஒத்துவரவில்லை. சாஸ்த்ரத்துக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி, சாஸ்த்ரம் சொன்ன கணக்கையே இவர்கள் மறந்துவிடுகிறார்கள். கீதையில் இந்த எண் வரும் இடத்தைப் பார்த்தாலும், அது வியப்பூட்டுவதற்காகச் சொன்னதன்று என்பது தெரியும். பிரமலோகம் வரையுள்ள லோகங்கள் அனைத்தும் மீண்டு வருதலை உடையவை என்று முன் ச்லோகத்தில் அருளி, அதற்கு ஆதாரமாக அடுத்ததில் பிரமனுடைய பகலுக்கும் இரவுக்கும் அளவு கூறுகிறான் எம்பெருமான். மனுஷ்யர் முதல் நான்முகன் ஈறாக எல்லோருடைய பகலிரவு வ்யவஸ்தையும் தன் ஸங்கல்பத்தால் ஆனது என்பதை ஸ்ரீபாஷ்யகாரர் அங்கே எடுத்துக்காட்டியுள்ளார். இத்தகைய பகலும் இரவும் 360 கொண்ட வருஷம் நூறானால் பிரமனுடைய ஆயுள். அது 3,11,04,000 கோடி வருஷம். அதற்கும் முடிவு உண்டு என்பதே ப்ரகரணத்தின் பொருள்.

அந்த ஆயுளில் எவ்வளவு கழிந்தது என்பதிலும் கருத்து வேற்றுமை இருந்தது. பாதி கழிந்தது என்பது ஸங்கல்பத்தில் உள்ள பக்ஷம். எட்டரை வருஷமே கழிந்தது என்பாரும் இருந்தனர். 1150-இல் ஸித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கராசார்யர் இரண்டையும் எடுத்துக் கூறுகிறார். பின்பு, ஆகமம் எதுவாயினும் ஆகுக, க்ரஹ கணிதத்துக்கு அதனால் பயனில்லை, இப்பகலில் சென்ற காலத்தைக் கொண்டே க்ரஹங்களை ஸாதிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, மேலே கணக்கைத் தொடங்குகிறார்.